பட்டாளத்துக்குப் போக: அறிவிப்பு வருவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

"மிலிட்டரிக்குப் போறேனுங்க" என்று சொல்லும் பையனிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த வாசல் வழியாக என்பதுதான். பாதிப் பேருக்கு அதற்குப் பதில் தெரியாது. ஓட ஆரம்பித்திருப்பார்கள், ஷூ வாங்கியிருப்பார்கள், அகாடமியில் பணமும் கட்டியிருப்பார்கள். ஆனால் எந்த வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறோம், அதற்குப் பத்தாம் வகுப்பில் எத்தனை மதிப்பெண் வேண்டும், ஆதாரில் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்திருக்க மாட்டார்கள். மைதானத்தில் தோற்பவனுக்கு அடுத்த வருடம் உண்டு. வயது வரம்பு நெருங்கும் வருடத்தில் ஒரு சான்றிதழில் தோற்பவனுக்கு அதுவும் இல்லை. அதனால்தான் இங்கே ஓட்டத்துக்கு முன்னால் பேப்பர் வருகிறது.

எது பட்டாளம், எது இல்லை

ராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றும் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருபவை. பி.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப்., ஐ.டி.பி.பி., எஸ்.எஸ்.பி. ஆகியவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் உள்ள மத்திய ஆயுதக் காவல் படைகள். ஊரில் எல்லாவற்றையும் 'மிலிட்டரி' என்றே சொல்வோம். ஆனால் விண்ணப்பம், தேர்வு, சம்பளம், பணிக்காலம் எல்லாமே வேறு. காவல் படைகளுக்கு ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் தேர்வு நடத்துகிறது. இந்தக் கட்டுரை முக்கியமாகத் தரைப்படையைப் பற்றியது.

தரைப்படைக்குள் நுழைய இரண்டு பெரிய வாசல்கள். ஒன்று வீரராக, அதாவது இன்றைய நிலையில் அக்னிபத் திட்டத்தின் கீழ் அக்னிவீராக. மற்றொன்று அதிகாரியாக. வீரராகச் சேர்ந்து அதிகாரியானவர்களும் உண்டு. ஆனால் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த பையன் அதிகாரி வாசலை எட்டிக்கூடப் பார்க்காமல் நேராக மைதானத்துக்கு ஓடுவது நம் கொங்குப் பக்கத்தில் அதிகம் நடக்கிறது.

வீரருக்கும் உயர் அதிகாரிக்கும் நடுவில் ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்டு ஆபீசர்) என்று ஒரு அடுக்கு உண்டு. சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்று ஏறினால் அடுத்து நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். அதற்கு மேலே லெப்டினன்டில் தொடங்கி ஜெனரல் வரை. ஊரில் 'சுபேதார் வீடு' என்று சொல்வார்களே, அது கீழிருந்து பல வருடம் ஏறி வந்த பதவி.

படையின் கட்டமைப்பைப் பத்துப் பேரில் இருந்து எண்ணிப் பார்த்தால் எளிது. பத்துப் பேர் ஒரு செக்‌ஷன். மூன்று செக்‌ஷன் ஒரு பிளட்டூன், மூன்று பிளட்டூன் ஒரு கம்பெனி. நான்கு ரைஃபிள் கம்பெனிகளும் துணைப் பிரிவுகளும் சேர்ந்தால் ஏறத்தாழ 800 பேர் கொண்ட பட்டாலியன். "எந்த யூனிட்?" என்று ஒரு ராணுவக்காரரிடம் கேட்டால் அவர் சொல்வது இந்தப் பட்டாலியனைத்தான். அதற்கு மேலே பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட். உதம்பூர், சண்டிமந்திர், ஜெய்ப்பூர், லக்னோ, கொல்கத்தா, புணே என ஆறு போர்க்கமாண்டுகள். சிம்லாவில் பயிற்சிக் கமாண்ட்.

காலாட்படை மட்டுமே படை இல்லை. பீரங்கி, டாங்கி, சிக்னல், பொறியாளர், சப்ளை, மருத்துவம், வண்டி பழுதுபார்ப்பு என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. நமக்குப் பக்கத்தில் இருப்பது குன்னூருக்கு அருகே வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம். 1758இல் தோன்றிய ரெஜிமெண்ட் அது. 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' எனப்படும் பொறியாளர் படையின் மையம் பெங்களூரில். தமிழ்ப் பையன் என்றாலே மெட்ராஸ் ரெஜிமெண்ட்தான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எந்தப் பிரிவு என்பதைப் படையின் தேவைதான் முடிவு செய்யும்.

நான்கு வருடக் கணக்கு

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் பணிக்காலம் நான்கு ஆண்டுகள். சம்பளம் முதல் ஆண்டில் மாதம் 30,000 ரூபாய், பிறகு 33,000, 36,500, 40,000. இதில் 30 சதவீதம் பிடித்தம். கையில் கிடைப்பது முதல் ஆண்டு 21,000, நான்காம் ஆண்டு 28,000. பிடித்த பணம் நான்கு ஆண்டில் சுமார் 5.02 லட்சம், அரசும் அதே அளவு போடுகிறது. வெளியே வரும்போது 10.04 லட்சமும் வட்டியும் சேவா நிதியாகக் கையில் வரும். தங்குமிடம், சாப்பாடு, உடை படையுடையது. அகவிலைப்படி கிடையாது. பணியிடத்தைப் பொறுத்துக் கடினப் பகுதிப் படி உண்டு. பிரீமியம் கட்டாமலே 48 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு உண்டு. ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு.

நான்கு ஆண்டு முடிந்ததும் ஒன்றாகச் சேர்ந்தவர்களில் 25 சதவீதம் பேர் வரை நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். வீட்டிலும் சொல்லிவிட வேண்டும். "கவர்மெண்ட் வேலை, ஆயுசுக்கும் பென்ஷன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போன பையன், நான்காம் வருடம் திரும்பி வந்து அதை விளக்குவது சிரமம். மத்திய ஆயுதக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. நான்கு ஆண்டு முடியும்போது வயது பெரும்பாலும் 25க்குள்தான் இருக்கும். படிப்பைத் தொடரவோ தொழில் தொடங்கவோ அந்தத் தொகையை வைத்துத் திட்டமிடலாம்.

இன்னொன்று: திருமணமாகாதவர் மட்டுமே சேர முடியும், பணிக்காலத்தில் திருமணம் செய்துகொள்ளவும் கூடாது. நடுவில் 'பிடிக்கவில்லை' என்று வெளியே வரவும் முடியாது. விதிவிலக்கான சூழலில் மட்டுமே அனுமதி.

யாருக்கு எது பொருந்தும்

திட்டம் அறிவிக்கப்பட்டபோது வைத்த அடிப்படை வயது 17½ முதல் 21. ஒவ்வொரு ஆண்டு அறிவிப்பிலும் 'இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் இடையில் பிறந்தவர்' என்று இரண்டு தேதி அச்சிட்டிருக்கும். வயதைக் கணக்குப் போடாமல் அந்தத் தேதிகளையே பாருங்கள்.

ஜெனரல் டியூட்டி எனப்படும் பொதுப்பணி வீரர் வேலைக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதம், ஒவ்வொரு பாடத்திலும் 33. டெக்னிக்கலுக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலத்துடன் மொத்தம் 50, பாடத்துக்கு 40. பத்தாம் வகுப்புடன் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமா படித்தவர்களுக்கும் இதில் வழி உண்டு. கிளார்க், ஸ்டோர் கீப்பருக்கு எந்தப் பிரிவானாலும் பிளஸ் டூவில் மொத்தம் 60, பாடத்துக்கு 50. இதற்குத் தட்டச்சும் தெரிய வேண்டும். டிரேட்ஸ்மேனுக்கு (சமையல், முடிதிருத்தம் போன்ற கைத்தொழில் வேலை) பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. சில வேலைகளுக்கு எட்டாம் வகுப்பு போதும்.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துப் பையன்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: ஜெனரல் டியூட்டியில் செல்லுபடியாகும் எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் இருந்தால் டிரைவர் தேவைக்கு முன்னுரிமை உண்டு. லாரிப் பட்டறையிலும் போர்வெல் ரிக் வண்டியிலும் வளர்ந்த பையன்கள் வண்டி நன்றாகவே ஓட்டுவார்கள், லைசென்ஸ் மட்டும் எடுத்திருக்க மாட்டார்கள். 18 முடிந்ததுமே அதற்கான வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

உயரம்: ஜெனரல் டியூட்டிக்குத் தமிழ்நாட்டில் 166 செ.மீ. கிளார்க்குக்கு 162. மார்பு 77 செ.மீ., மூச்சை இழுத்தால் குறைந்தது 5 செ.மீ. விரிய வேண்டும். வீட்டுச் சுவரில் பென்சில் கோடு போட்டு அளந்த உயரத்தை நம்பாதீர்கள். செருப்பில்லாமல், குதிகால் சுவரில் ஒட்ட, காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அளந்து பாருங்கள். நாள் முழுக்க நின்றபின் ஒரு செ.மீ. வரை குறையும். 166 என்பது உங்களுக்கு மாலையிலும் 166 ஆக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பேப்பர்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், நீலகிரி, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தார் கோவை ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருவார்கள். கரூர் மாவட்டத்தாருக்குத் திருச்சி அலுவலகம். எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்பது கணக்கில் வராது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் நான்கு வருடமாக இருக்கும் ராமநாதபுரத்துப் பையன் தன் சொந்த மாவட்டத்துக்குரிய அலுவலகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். இருப்பிடச் சான்று எந்த ஊரைச் சொல்கிறதோ அதுதான் உங்கள் ஊர்.

முதல் வேலை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்ப்பது. நம் ஊர் இனிஷியல்தான் இங்கே முதல் எதிரி. மதிப்பெண் சான்றில் 'கார்த்திகேயன் ப.', ஆதாரில் 'ப. கார்த்திகேயன்', பான் கார்டில் 'கார்த்திகேயன் பழனிசாமி' என்று மூன்று ஆளாக இருப்பார் ஒரே பையன். அப்பா பெயர் இன்னும் மோசம். பழனிசாமியை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு இடத்தில் 'சாமி', இன்னொரு இடத்தில் 'ஸ்வாமி', மூன்றாவதில் 'சாமி'யின் கடைசி எழுத்து வேறு. இப்போது விண்ணப்பம் ஆதார், டிஜிலாக்கர் வழியாகச் செல்வதால் இந்த வித்தியாசம் முதல் திரையிலேயே வந்து நிற்கும். மதிப்பெண் சான்றை மாற்றுவது நெடிய வேலை. ஆதாரை அதற்கு ஏற்பத் திருத்துவது எளிது. ஆகவே பத்தாம் வகுப்புச் சான்றை ஆணியாக அடித்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கு இழுத்துக் கட்டுங்கள். ஆதாரில் பிறந்த தேதியும் அப்படித்தான். ஆதாருடன் இணைந்த கைபேசி எண் உங்கள் கையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓ.டி.பி. மாமாவின் பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தால் வேலை ஆகாது.

அடுத்து இ-சேவை மையம். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, திருமணமாகாதவர் சான்று. இருப்பிடச் சான்றை 'நேட்டிவிட்டி' என்றே கேளுங்கள். வசிப்பிடச் சான்று என்று வேறொன்று இருக்கிறது. அதைப் போட்டுக்கொடுத்துவிட்டால் திரும்ப ஒரு சுற்று. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேசை மேசையாகப் போகும். அறுவடை, தேர்தல், ஜமாபந்தி நேரத்தில் இழுக்கும். சாதிச் சான்றும் இருப்பிடச் சான்றும் முன்கூட்டியே எடுத்து வைக்கலாம். ஆனால் திருமணமாகாதவர் சான்றும் ஊராட்சித் தலைவர் தரப்பு நன்னடத்தைச் சான்றும் ஆள்சேர்ப்பு முகாம் தேதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று ஒரு வருடம் முன்பே எடுத்து வைத்தவை மைதானத்தில் செல்லாது. சாதிச் சான்றில் மதம் குறிப்பிடப்படவில்லை என்றால் மதச் சான்று தனியாகக் கேட்பார்கள்.

பள்ளி நன்னடத்தைச் சான்று, மாற்றுச் சான்றிதழ், என்.சி.சி. அல்லது விளையாட்டுச் சான்று, அறிவிப்பில் கொடுத்துள்ள வாசகத்தில் முத்திரைத்தாளில் எழுதிய உறுதிமொழி, பான் கார்டு, உங்கள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கு. புகைப்படம் 20 பிரதி, வெள்ளைப் பின்னணி, மூன்று மாதத்துக்குள் எடுத்தது, மழித்த முகம். ஸ்டூடியோக்காரர் முகத்தை வெளுப்பாக்கித் தந்தால் திருப்பிக் கொடுங்கள். மாற்றியமைத்த படம் ஆகாது.

அசல் சான்றிதழ்களை எந்த அகாடமியிலும் ஒப்படைக்காதீர்கள். விண்ணப்பத்துக்கு ஆகும் செலவு தேர்வுக் கட்டணம் 250 ரூபாய் மட்டுமே. "உள்ளே ஆள் இருக்கிறார், மூணு லட்சம் கொடுத்தால் முடிச்சிடலாம்" என்று வருபவர், நீங்கள் சொந்தக் காலில் தேறினால் பணத்தை வைத்துக்கொள்வார், தேறாவிட்டால் போனை எடுக்க மாட்டார். அவருடைய தொழிலே அவ்வளவுதான்.

ஆன்லைன் தேர்வு

ராணுவத்தின் 'ஜாயின் இந்தியன் ஆர்மி' இணையதளத்தில் மட்டுமே பதிவு. முன்பு ஓட்டம் முதலில், தேர்வு பிறகு. 2023 முதல் தலைகீழ்: முதலில் கணினித் தேர்வு, தேறியவர்களுக்கு மட்டும் மைதானம். இந்த ஒரு மாற்றத்தைப் புரிந்துகொள்ளாமல் இன்றும் ஓட்டத்தை மட்டுமே பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். 2025இல் விண்ணப்பம் மார்ச்சில் தொடங்கியது, தேர்வு ஜூன் 30 முதல் ஜூலை 10 வரை நடந்தது. அந்த ஆண்டு தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுத முடிந்தது. ஒருவர் இரண்டு பிரிவுகளுக்கு விண்ணப்பிக்கவும் வழி வந்தது.

ஜெனரல் டியூட்டிக்கு 50 கேள்வி, 100 மதிப்பெண், ஒரு மணி நேரம். பொது அறிவு, அறிவியல், கணிதம், கொஞ்சம் தர்க்கம். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான சமச்சீர் கணக்கு, அறிவியல் புத்தகங்களே அடித்தளம். தவறான விடைக்கு 0.5 மதிப்பெண் போகும். நான்கில் இரண்டையாவது தள்ளிவிட முடிந்தால் ஊகிக்கலாம். ஒன்றுமே தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். தேறினால் போதும் என்று எழுதக்கூடாது. ஜெனரல் டியூட்டியின் இறுதித் தரவரிசையில் தேர்வு மதிப்பெண்ணும் மைதான மதிப்பெண்ணும் சேர்கின்றன.

மைதானம்

1.6 கி.மீ. ஓட்டம், புல்-அப், ஒன்பது அடிப் பள்ளம் தாண்டல், வளைந்து செல்லும் குறுகிய கட்டை மேல் நடை. பின்னிரண்டில் தேறினால் போதும். முதல் இரண்டுக்கு மதிப்பெண் உண்டு. 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் 60. 5:45க்குள் 48, 6:00க்குள் 36, 6:15க்குள் 24. புல்-அப் பத்து எடுத்தால் 40. ஒன்பதுக்கு 33, எட்டுக்கு 27, ஏழுக்கு 21, ஆறுக்கு 16.

400 மீட்டர் தடத்தில் நான்கு சுற்று. 5:30 என்றால் சுற்றுக்கு 82 விநாடி. இதை மனப்பாடம் செய்யுங்கள், கால்களுக்கும் செய்யவையுங்கள். பெரும்பாலானோர் தோற்பது நான்காம் சுற்றில். தோல்விக்குக் காரணம் முதல் சுற்று. விசில் அடித்ததும் நூற்றுக்கணக்கான பேர் ஒன்றாகப் பாய்வார்கள், அந்த வேகத்தில் இழுபட்டு முதல் சுற்றை 70 விநாடியில் முடிப்பார்கள், மூன்றாவதில் தொடை கல்லாகிவிடும். முதல் 100 மீட்டரில் நெரிசலில் விழாமல் வெளி ஓரமாகப் போய், இரண்டாம் வளைவுக்குள் உங்கள் வேகத்துக்கு வந்துவிடுங்கள்.

கீழ்பவானி வாய்க்கால் கரையும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் கரையும் ஓட நல்ல இடங்கள், மண் தரை முழங்காலைக் காக்கும். ஆனால் வாரம் ஒரு நாளாவது அளந்த தடத்தில் கைக்கடிகாரத்துடன் ஓட வேண்டும். கரையில் 'ரெண்டு மைல் ஓடுறேன்' என்பவரின் நேரம் யாருக்கும் தெரியாது. வாரத்தில் இரண்டு நாள் நீண்ட மெதுவான ஓட்டம், ஒரு நாள் 400 மீட்டரை 80 விநாடியில் ஆறு முறை, நடுவில் இரண்டு நிமிட நடை. ஒரு நாள் முழு ஓய்வு. மில்லில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் ஷிப்ட் முடித்த கையோடு ஓடாதீர்கள். தூங்கி எழுந்து மாலையில் ஓடுங்கள். தூக்கமில்லாத ஓட்டத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்து ஒரு மாதம் போய்விடும்.

புல்-அப்பில் தாடை கம்பிக்கு மேலே போக வேண்டும், இறங்கும்போது முழங்கை முழுக்க நீள வேண்டும். காலை ஆட்டி ஏறியது எண்ணிக்கையில் சேராது. ஒன்றுகூட வராதவர்கள், ஸ்டூல் போட்டு மேலே ஏறி, தாடையைக் கம்பிக்கு மேல் வைத்து, ஐந்து விநாடி எண்ணி மெதுவாக இறங்கப் பழகுங்கள். தோட்டத்து மாமரக் கிளையைவிட இரண்டு கம்பத்துக்கு நடுவே கட்டிய ஜி.ஐ. குழாய் நல்லது, மைதானத்தில் கையில் படப்போவது இரும்புதான். பள்ளத்தில் தவறுவது தூரத்தால் அதிகம் இல்லை. கரைக்கு ஒரு அடி முன்பே காலை ஊன்றிவிடுவார்கள். ஒன்பது அடி அங்கேயே பத்தடியாகிவிடும்.

கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். மனப்பொருத்தத் தேர்வு ஒன்று உண்டு, அதை உங்கள் ஸ்மார்ட்போனிலேயே செய்ய வேண்டும். முழு சார்ஜ், 2 ஜி.பி. டேட்டா வேண்டும்.

மருத்துவம்

மூன்று மாதம் முன்பே ஒரு கண் மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் போய்வருவது அகாடமிக் கட்டணத்தைவிட மலிவு. நிறக்குருடு இருப்பது பலருக்கு இங்கேதான் முதல்முறை தெரியவருகிறது. காதில் அழுக்கு அடைத்திருந்தால் டாக்டரிடம் எடுத்துக்கொள்ளுங்கள், பின் ஊசி போட்டுக் குடையாதீர்கள். விதைப்பை நரம்பு வீக்கம், விரைவீக்கம், மூக்குத் தண்டு வளைவு, தட்டைப் பாதம், முழங்கால் முட்டல் ஆகியவற்றை முன்பே பார்த்துக்கொள்ளலாம். இவற்றில் சில சிகிச்சையில் சரியாகும், ஆற நாள் வேண்டும். ஈரப் பாதத்தைச் சிமெண்டுத் தரையில் வைத்து எடுங்கள். நடுவில் வளைவு தெரியாமல் முழுப் பாதமும் பதிந்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். பச்சை குத்தியது முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டும் அனுமதி. கழுத்தில் குலதெய்வம் பெயர் இருந்தாலும் ஏற்க மாட்டார்கள்.

தகுதியில்லை என்று எழுதினால் அதோடு முடியவில்லை. மறு பரிசோதனைக்கு ராணுவ மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். அதில் கொடுத்த நாட்களுக்குள் போக வேண்டும்.

அதிகாரி வாசல்

பிளஸ் டூ படிக்கும்போதே என்.டி.ஏ. (தேசிய பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதலாம். யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது: கணிதம் 300, பொதுத் திறன் 600. தேறினால் ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. நேர்முகம், அதற்கு 900. இந்த எஸ்.எஸ்.பி. அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம், மேலே சொன்ன காவல் படை இல்லை. பெண்களும் 2022 முதல் புணே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள அந்த அகாடமியில் பயிற்சி பெறுகிறார்கள். பட்டம் முடித்தவர்களுக்கு சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு); சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமி இந்த வழியில் வருவோர் சேரும் இடங்களில் ஒன்று. என்.சி.சி. 'சி' சான்று இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி.க்குப் போகும் தனி வழியும் உண்டு. தொடக்கச் சம்பளம் 56,100, அதன் மேல் ராணுவச் சேவைப் படி 15,500.

எஸ்.எஸ்.பி.யில் நம் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் குழு விவாதத்தில். அறுபது வார்த்தைகளுக்குத் தலா 15 விநாடியில் வாக்கியம் எழுதுவதைப் பழகியிருப்பார்கள், எட்டுப் பேர் நடுவில் ஆங்கிலத்தில் வாய் திறந்து பழகியிருக்க மாட்டார்கள். இலக்கணப் பிழையோடு பேசினாலும் பரவாயில்லை, பேசாமல் உட்கார்ந்திருந்தால் மதிப்பெண் போட ஒன்றும் இருக்காது.

பிள்ளை ஐந்தாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ இருந்தால், உடுமலைக்கு அருகே அமராவதி நகரில் 1962 முதல் நடக்கும் சைனிக் பள்ளிக்கான நுழைவுத் தேர்வைப் பாருங்கள். ஆறாம், ஒன்பதாம் வகுப்புகளுக்குச் சேர்க்கை. வேலை, தொழிலை விடாமல் சீருடை அணிய விரும்புபவர்களுக்குப் பிரதேச ராணுவம் இருக்கிறது, வயது 18 முதல் 42. அதன் 110ஆவது பட்டாலியன் கோவையில்தான்.

சேர்ந்த முதல் மாதம்

அழைப்புக் கடிதம் வந்ததும் அசல் சான்றுகளுடன் ஆள்சேர்ப்பு அலுவலகம், அங்கிருந்து பயிற்சி மையம். கட்டளைகள் இந்தியில்: சாவ்தான், விஷ்ராம், தாஹினே முட், பாயே முட். பயிற்றுநரை 'உஸ்தாத்' என்பார்கள். ஒன்று முதல் நூறு வரை எண்களையும் வலது இடது முன் பின் போன்ற நாற்பது சொற்களையும் ஊரிலேயே பழகிக்கொண்டு போகிறவன் முதல் மாதத்தில் பாதித் தண்டனையில் தப்பிப்பான். வெலிங்டனில் இடம் கிடைத்தால் குளிருக்கு முதல் வாரம் உதடு வெடிக்கும், மேட்டில் ஓட மூச்சு வாங்கும். பதினைந்து நாளில் உடம்பு பழகிவிடும்.

பயிற்சி முடிந்து யூனிட்டுக்குப் போனபின் வீட்டார் கடிதம் எழுதும் முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது. படை எண், பெயர், யூனிட், யூனிட்டின் பின்கோடு, அதன்பின் 56 ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சல் நிலையம்) அல்லது 99 ஏ.பி.ஓ. அவ்வளவுதான். 'காஷ்மீர்' என்று கூடுதலாக எழுத வேண்டாம், எழுதவும் கூடாது. எண்ணைப் பிழையில்லாமல் எழுதினால் கடிதம் தானாகப் போய்ச் சேரும்.